படிவத்தில் இரண்டு பத்திகள்

இடப்பக்கம் மரம், வலப்பக்கம் பறவை.
இரண்டுக்கும் ஒரே கேள்விகள்.
காகிதத்தை மிச்சம்பிடித்திருக்கிறார்
அஜாக்ஸியோ அலுவலகத்தில் யாரோ.

உயரம்.
லாரிச்சு பைன், முப்பது மீட்டர்.
டிசம்பர் புயலுக்கு முன் முப்பத்தெட்டு.
போன எட்டை எங்கே எழுதுவது?
பிக்கியாரினா: கைக்குள் அடங்கும்.
கையைத் திறந்தால் அடங்காது.

எடை.
மரத்துக்கு எதிரே கோடு போட்டேன்.
பறவைக்குப் பன்னிரண்டு கிராம்.
சட்டைப்பையில் நான் மறந்த ரொட்டி விளிம்பு
அதைவிடக் கனம்.

வயது.
ஜெனோவாக்காரர்கள் பாய்மரத் தண்டு தேடி
ஐத்தோன் காட்டை வெட்டிக்கொண்டு போனபோது
இது ஒல்லிக்குச்சி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அப்படித்தான் பிழைத்தது.
பறவைக்கு இது மூன்றாம் வசந்தம்.
காலில் நீல வளையம்; மாட்டியது நான்.
மாட்டும்போது என் நகக்கண்ணைக் கொத்தியது,
அதுவும் பைன் கொட்டையோ என்று.

வாழிடம்.
மரத்துக்கு எழுதினேன்: கோர்சிகா, மலைச்சரிவு, வடக்கு முகம்.
பறவைக்கு எழுதினேன்: மரம்.
தீவு என்பது நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம்
என்று பள்ளியில் நானும் ஒப்பித்தவள்தான்.
இதற்கோ
கீழே கஷ்கொட்டைத் தோப்பு தொடங்கும் இடத்திலேயே
கடல் தொடங்கிவிடுகிறது.

உணவு.
வெயில் அடித்தால் கூம்பு திறக்கும்.
மழையென்றால் இறுக மூடிக்கொள்ளும், கஞ்சனின் கைபோல.
அதனால் வெயில் நாளில் விதையை உருவி
அதே மரத்தின் பட்டை வெடிப்பில் செருகி
மேலே ஒரு துண்டு பாசி வைத்து மூடுகிறது பறவை:
வீட்டுக்காரன் கதவடைக்கும் நாளுக்கென்று
அவன் சுவரிலேயே ஒளித்துவைக்கும் குடித்தனக்காரி.

குரல்.
பறவை: உச்சியிலிருந்து வேகமாய்ச் சிதறும் ஒரே சுரம்.
மரம்: காற்றைப் பொறுத்தது.

நிலை.
உயிருடன் / இறந்தது. ஒன்றை வட்டமிடவும்.

இங்கேதான் பேனா நின்றது.
ஏழு வருடத்துக்கு முன் இடி விழுந்து செத்த மரம் இது.
ஊசியிலை ஒன்றுகூட இல்லை.
ஆனால் ஐந்தாவது மீட்டரில், உளுத்த இடத்தில்
நாணயம் அளவு ஒரு துளை;
துளைக்குள் ஐந்து வாய்கள்.
பச்சையாக நின்றவரை இந்த அலகு
இதன் நெஞ்சுக்குள் நுழைந்திருக்குமா?

அடியில் நடைபாதை போகிறது.
ஜூலையில் சுற்றுலாக் கூட்டம் வரும்.
"யார் தலையிலாவது விழுந்தால்
பறவையா வந்து கையெழுத்துப் போடும், வன்னீனா?"
என்றார் மேலாளர் மாத்தேயு.
நியாயமான கேள்வி. பதில் சொல்லவில்லை.
குஞ்சுகள் பறக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.
இரண்டு வாரம் தந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஜூன் பதினாறு.
கூடு காலி என்று உறுதியான பிறகு
பெத்ரு-சாந்து கயிற்றில் ஏறினான்.
அடியை வெட்டவில்லை.
துளைக்கு மேல் ஒரு முழம் விட்டு வெட்டினான்.
விழுந்த தண்டு இறங்கிய ஓசை
பள்ளத்தாக்கைச் சுற்றிவந்து
எங்கள் காலடிக்கே திரும்பியது.

மிச்சம் நிற்பது மொட்டைக் கம்பம்.
பார்க்க அசிங்கம்.
போட்டோ எடுக்க வருகிறவர்கள் சற்றுத் தள்ளி நின்று
பச்சை மரத்தை எடுக்கிறார்கள்.

அடுத்த ஏப்ரலில் போனேன். துளையில் யாருமில்லை.
நீல வளையத்தையும் காணவில்லை.
கிடந்த தண்டின் பட்டை இடுக்கில்,
பாசி மூடிய விதை ஒன்று முளைத்திருந்தது:
ஏழு ஊசி, விரிந்த குடைக்கம்பிபோல.
வைத்தது மறந்ததா, இறந்ததா?
எதுவானாலும் ஆகஸ்டு வெயில் இதைத் தாண்டவிடாது.
மண் இல்லை, அடியில் மரம்தான்.
படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை.

ஓரத்தில் எழுதினேன், சிறிய எழுத்தில்.
எழுதியதை என் விரல் பிசின் ஒட்டி இழுத்துவிட்டது.
மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை.
இரவு பாலாடைக்கட்டியை எடுத்தால்
அதிலும் லாரிச்சு வாசனை.